புகைக்கும் ஒரு வழி வேண்டும்

நாவல் எழுதுகிறவர்களுக்கு அடுப்புப் புகை நெடுங்காலமாக ஒரு பெரிய உபகாரம் செய்து வந்திருக்கிறது. கதாநாயகி சமையலறையில் தனியாக நின்று அழுதுகொண்டிருப்பாள். அந்தச் சமயம் பார்த்து மாமியாரோ கணவனோ உள்ளே வந்துவிடுவார்கள். "ஏன் கண் சிவந்திருக்கிறது?" என்று கேட்பார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன்றுமில்லை, புகை" என்பாள். அத்துடன் அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்த வாரம் வரையில் வாசகர்கள் அவளுக்காக வருந்திக்கொண்டிருப்பார்கள். நானும் என் பங்குக்கு நாலைந்து கதாநாயகிகளை இப்படி அழ வைத்திருக்கிறேன்.

பிறகு விறகடுப்பு போயிற்று. மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, அதுவும் போயிற்று. காஸ் அடுப்பு வந்ததும், இனிமேல் இந்தச் சாக்கு செல்லாது என்று எழுத்தாளர்கள் கையை விட்டுவிட்டோம். ஆனால் சமையலறையில் நிற்கிறவர்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். விறகின் புகை போயிற்றே தவிர, எண்ணெயின் புகை எங்கும் போகவில்லை. வாணலியில் எண்ணெய் காய்ந்து மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்ட அந்தக் கணத்தில், அடுக்குமாடி வீட்டின் சின்னச் சமையலறையில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். காஸ் ஜ்வாலைகூடப் பார்ப்பதற்குத்தான் நீலமாகவும் நிர்மலமாகவும் இருக்கிறது. நெஞ்சுக்கு ஆகாத நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்ற வாயு அதிலிருந்தும் கிளம்புகிறது.

என் தாயார் காவிரிக் கரையில் ஒரு கிராமத்தில் ஐம்பது வருஷம் விறகடுப்பில் சமைத்தாள். ஈர விறகு, சுள்ளி, தென்னை மட்டை, வறட்டி என்று கிடைத்ததையெல்லாம் எரித்தாள். ஊதுகுழலை எடுத்து ஊதி ஊதி, எட்டுப் பேருக்கு இரண்டு வேளையும் சோறு போட்டாள். எழுபதாவது வயதில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சென்னைக்கு அழைத்து வந்து ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இந்த அம்மாளுக்குச் சுருட்டு, பீடி பழக்கம் உண்டா?" என்று கேட்டார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. "வெற்றிலைக்குப் புகையிலைகூடச் சேர்த்துக்கொள்ள மாட்டாள்" என்றேன். அவர் படத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் அடுப்பு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிறகு நான் மறக்கவே இல்லை. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையினால் 2020-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காஸ் அடுப்புக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அதே நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2010-ல் ஒரு நூல் வெளியிட்டது. அதிகமான சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது எழுகிற ஆவியை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்ற வரிசையில் அதில் சேர்த்திருக்கிறார்கள். சமையலறையில் சிம்னி வைப்பது சுவரில் பிசுக்கு ஒட்டாமல் இருப்பதற்காக மட்டும் அல்ல என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சென்ற வருஷம் எங்கள் வீட்டிலும் சிம்னி வைப்பதென்று தீர்மானமாயிற்று. கடைக்குப் போனோம். அங்கே வரிசையாக மாட்டியிருந்தார்கள். கண்ணாடி முகப்பு, கையை ஆட்டினால் ஓடுகிற மோட்டார், தானே சுத்தம் செய்துகொள்ளும் யந்திரம் என்று விற்பனையாளர் அரை மணி நேரம் வர்ணித்தார். காற்று இழுக்கும் சக்தி மணிக்கு 1,200 கன மீட்டர் என்றார். இன்னொன்று 1,400 என்றார். "இழுத்த காற்று எந்த வழியாக வெளியே போகும்?" என்று கேட்டேன். "பைப் போட்டுக்கொள்ளலாம் சார்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணாடிக்குப் போய்விட்டார்.

உண்மையில் கடையில் சிம்னி என்று விற்கிறார்களே, அது சிம்னியே அல்ல, அதன் வாய்தான். புகையை வெளியே கொண்டு சேர்க்கிற குழாய்தான் சிம்னி. வாய்க்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் செலவழித்துவிட்டு, குடலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பாகம் என்றால் நம்மவர்களுக்கு எப்போதும் அலட்சியம்தான்!

அந்தக் காலத்து வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. சூடான காற்று லேசானது; அது தானாக மேலே போகும். ஓட்டுக் கூரையில் ஓரிடத்தைச் சற்று உயர்த்திக் கூண்டு வைத்துவிட்டால், புகை பாதியாவது அந்த வழியே போய்விடும். மேல்நாட்டிலே இதை ஒரு சாஸ்திரமாகவே செய்தார்கள். ரம்ஃபோர்டு பிரபு என்று ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் பெயர் பெற்றவர். 1796-ல் அவர் கணப்பு அடுப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். லண்டன் வீடுகளில் கணப்பு மூட்டினால் புகை மேலே போகாமல் அறைக்குள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது. அவர் நெருப்பைக் குறை சொல்லவில்லை. புகைபோக்கியின் தொண்டையைத் தகுந்த அளவுக்குக் குறுக்கி, அதன் விளிம்பை மழுமழுவென்று வளைத்துக் கட்டச் சொன்னார். புகை ஒழுங்காக மேலே போயிற்று. தீ எப்படியிருந்தாலும், புகை வழியைப் பொறுத்தே நடக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார்.

நம் அடுக்குமாடி வீட்டில் தலைக்கு மேலே இன்னொருவர் வீடு இருக்கிறது. புகை மேலே போக வழியில்லை. பக்கவாட்டில்தான் தள்ள வேண்டும். அதற்குத்தான் மோட்டார். எங்கள் சமையலறை 10 அடி நீளம், 8 அடி அகலம், 9 அடி உயரம். மொத்தம் 720 கன அடி, அதாவது சுமார் 20 கன மீட்டர் காற்று. ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை அதை மாற்றினால் போதும் என்பது சாதாரணக் கணக்கு. அதற்கு 240 கன மீட்டர் போதும்! பிறகு 1,400 எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண், பெரும்பாலும் குழாயே பொருத்தாமல் திறந்த வாயில் அளந்தது. குழாயை மாட்டி, இரண்டு இடத்தில் வளைத்து, எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துவிட்டால், அதில் எவ்வளவு மிஞ்சும் என்பது குழாய் போட்டவரின் கைத்திறனைப் பொறுத்தது.

குழாயின் அகலந்தான் முதல் விஷயம். சிம்னியின் வாய் 6 அங்குலம் என்றால் குழாயும் கடைசி வரையில் 6 அங்குலமாகவே இருக்க வேண்டும். "4 அங்குலத்துக்கு ஒரு ரெடியூசர் போட்டுவிடலாம், பார்க்க அடக்கமாக இருக்கும்" என்பார்கள். 6 அங்குலக் குழாயின் வாய் சுமார் 28 சதுர அங்குலம். 4 அங்குலக் குழாயின் வாய் பன்னிரண்டரைதான். பாதிக்கும் குறைவு. இதிலும் ஒரு விசேஷம் உண்டு. அதே அளவு காற்றை அந்தச் சின்னக் குழாயில் தள்ள வேண்டுமானால், இரண்டேகால் மடங்கு பலம் போதாது. சுமார் ஏழரை மடங்கு அழுத்தம் வேண்டும். மோட்டாருக்கு அவ்வளவு பலம் ஏது? அது சத்தம் போடும், புகை போகாது. அதிகமாகச் சத்தம் போடுகிறவர்கள் எல்லோரும் அதிகமாக வேலை செய்கிறவர்கள் அல்ல என்பது சிம்னிக்கும் பொருந்தும்.

இரண்டாவது, வளைவு. நேராகப் போகிற காற்றைச் சடாரென்று ஒரு மூலையில் திருப்பினால் அது சுவரில் முட்டிச் சுழல்கிறது. ஒரு செங்குத்தான திருப்பம், பல அடி நீளமுள்ள நேர்க்குழாய்க்குச் சமமான தடை. திரும்பித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு அரைத் திருப்பங்களாகப் போட்டு, காற்றை நயமாக அழைத்துப் போக வேண்டும்.

மூன்றாவது, குழாயின் உள்பக்கம். சிம்னியோடு கொடுக்கும் அலுமினியக் குழாய் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும். எப்படி வேண்டுமானாலும் வளையும். வேலை செய்கிறவருக்குச் சௌகரியம், காற்றுக்கு அசௌகரியம். ஒவ்வொரு மடிப்பும் ஒரு தடை. ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் தங்கும். அதைத்தான் போடுவதென்றால், மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு, இருப்பதை முழுதும் இழுத்து விறைப்பாகப் போட வேண்டும். சிலர் பி.வி.சி. குழாய் போடுகிறார்கள். உள்ளே வழவழப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணெய் படியும் குழாயில் ஒருநாள் தீப்பற்றினால் தகடு தாங்கும், பிளாஸ்டிக் தாங்காது. எங்கள் வீட்டுக்கு ஏ.சி. டக்ட் செய்யும் பட்டறையில் ஜி.ஐ. தகட்டை உருட்டிக் குழாய் செய்து வாங்கினேன். சிம்னியின் தலையோடு சேரும் இடத்தில் மட்டும் ஒரு சாண் மடிப்புக் குழாய்; மோட்டாரின் அதிர்ச்சி சுவருக்குப் போகாமல் இருப்பதற்காக.

குழாயே வேண்டாம், கரி வடிகட்டி போட்ட சிம்னி இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது எண்ணெயையும் வாசனையையும் ஓரளவு பிடித்துக்கொண்டு, மிச்சக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறது. சூடும் நீராவியும் அடுப்பின் வாயுக்களும் எங்கும் போவதில்லை. வேறு வழியே இல்லாத வீட்டுக்கு அது ஒரு ஆறுதல், அவ்வளவுதான்.

இனி எங்கள் வீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். குழாய் பொருத்துவதற்கு ஓர் இளைஞன் வந்தான். சமையலறையைச் சுற்றிப் பார்த்தான். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல். அது கட்டடத்தின் நடுவே கிணறு போல இறங்குகிற ஷாஃப்ட்டில் திறக்கிறது. அவன் முகம் மலர்ந்தது.

"சார், இங்கேயே ஜன்னல் வழியா ஷாஃப்ட்டில விட்டுடலாம். இரண்டு அடி பைப்பு போதும். அரை மணி வேலை."

அவன் சொன்னதில் தொழில் நியாயம் இருந்தது. குட்டையான குழாய்தான் நல்ல குழாய். சங்கத்துக் காரியதரிசியும், "நாலு வீட்டில் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள். ஆட்சேபணை இல்லை" என்று சொல்லியிருந்தார். ஆனால் என் மனைவி சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டு, "ஷாஃப்ட்டில் விடக்கூடாது" என்றாள்.

"ஏன்?" என்றேன்.

"நான் மிளகாய் தாளித்தால் அடுத்த நிமிஷம் மேலே பாட்டி இருமுகிறது கேட்கிறதே, உங்கள் காதில் விழுந்ததில்லையா? பாட்டி படுத்திருக்கிற அறையின் ஜன்னல் இந்த ஷாஃப்ட்டில்தான் இருக்கிறது."

"இத்தனை நாளும் புகை அங்கேதானே போயிற்று?"

"இத்தனை நாள் அதுவாகப் போயிற்று. இனிமேல் நாமல்லவா மோட்டார் வைத்துத் தள்ளப் போகிறோம்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தானாகப் போவது வேறு, நாமாகத் தள்ளுவது வேறு. தர்மசாஸ்திரம் முழுவதையும் புரட்டினாலும் இவ்வளவு சுருக்கமாக யாராவது சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகந்தான்.

இளைஞன் விடவில்லை. "வெளிச் சுவருக்குப் போகணும்னா ஒன்பது அடி பக்கவாட்டில ஓடணும், அம்மா. நடுவிலே பரண் இருக்கு. அதைச் சுத்திக்கிட்டுப் போனா மூணு பெண்டு வரும். இழுவை செத்துடும்" என்றான்.

"தம்பி, இன்னொன்றையும் யோசித்துப் பார். சிம்னி இந்த அறைக் காற்றை வெளியே தள்ளினால், அதற்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும் அல்லவா? அது எந்த வழியாக வரும்?"

"இந்த ஜன்னல் வழியாத்தான்."

"குழாயையும் இந்த ஜன்னலிலேயே வைத்தால்?"

அவன் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தான். "விட்ட புகையே திரும்பி வரும் சார்" என்றான். கெட்டிக்காரப் பையன்.

மூன்று வளைவுப் பிரச்னை மட்டும் பாக்கி. பரணில் என் மனைவிக்குக் கல்யாணத்தில் கொடுத்த சீர்ப் பாத்திரங்கள் இருந்தன. பெரிய அண்டா, இரண்டு தவலை, ஒரு வெண்கலப் பானை. நாற்பது வருஷமாக வாடகை வீட்டுக்கு வாடகை வீடு கூடவே வந்தவை. வருஷத்துக்கு ஒரு தடவை புளி போட்டுத் தேய்த்து மறுபடி ஏற்றுவாள். அவள் பரணையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்டாவை இறக்கிவிட்டுப் பலகையை எடுத்துவிட்டால் நேராகப் போகுமா?" என்று கேட்டாள். "நூல் பிடிச்ச மாதிரி போகும் அம்மா" என்றான் அவன். அன்று மாலையே அண்டா கூடத்து மூலைக்கு வந்து, மறுநாள் முதல் அதன் மேல் பத்திரிகைகள் ஏறிவிட்டன.

வேலை முக்கால் நாள் பிடித்தது. சிம்னியை அடுப்புக்கு மேலே 28 அங்குல உயரத்தில் மாட்டினான். தயாரித்தவர்களின் குறிப்பில் எந்த அளவு சொல்லியிருக்கிறதோ அதுதான் வேதம். பெரும்பாலும் 26 முதல் 30 அங்குலம் வரை இருக்கும். தாழ்ந்தால் சூடு ஆகாது; உயர்ந்தால் புகை ஓரத்தில் நழுவிவிடும். வெளிச் சுவரில் கோர் கட்டிங் யந்திரம் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வட்டமாக ஒரு துளை போட்டது. அதற்கு முன்னால் அங்கே கான்கிரீட் உத்தரம் இல்லை, செங்கல்தான் என்று தட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டான். உத்தரத்தில் துளை போடுகிறவன் புகைக்கு வழி செய்யவில்லை, கட்டடத்துக்கு முடிவு தேடுகிறான்.

குழாயை வெளிப்பக்கம் ஓர் அங்குலம் தாழ்வாக வைக்கச் சொன்னேன். மழைச் சாரலோ உள்ளே படியும் எண்ணெயோ வழிந்தால் வெளியே வழிய வேண்டும், மோட்டாருக்கு வரக்கூடாது. இணைப்புகளில் திருகாணி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அதில் பிசுக்குச் சேரும் என்பதால், கிளாம்பு போட்டு அலுமினிய டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினான். வெளிவாயில் மேலே கீலிட்ட ஒரு சிறு கதவு. காற்று தள்ளினால் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். மழையும் புறாவும் அணிலும் உள்ளே வராது. அங்கே கொசுவலை மட்டும் அடிக்கக்கூடாது. ஒரே மாதத்தில் எண்ணெய் அடைத்து, சுவராகவே ஆகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் பரீட்சை. மெல்லிய காகிதம் ஒன்றை வடிகட்டியின் மேல் வைத்துக் கையை எடுத்தேன். ஒட்டிக்கொண்டது. வீட்டின் கதவு ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொன்னேன். காகிதம் தயங்கித் தயங்கிக் கீழே விழுந்தது. கூடத்து ஜன்னலைத் திறந்ததும் மறுபடி ஒட்டிக்கொண்டது. எவ்வளவு விலை உயர்ந்த சிம்னியாக இருந்தாலும், உள்ளே காற்று வர வழி வைக்காவிட்டால் வெளியே எதையும் தள்ளாது. அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலை மூடிவிட்டு, தூரத்து ஜன்னலைத் திறந்து வைப்பது நல்லது. காற்று வீட்டைக் கடந்து வந்து புகையைக் கூட்டிக்கொண்டு போகும். குளியலறையில் காஸ் வெந்நீர் அடுப்பு வைத்திருக்கிறவர்கள் இதில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெளிக் காற்று வராவிட்டால், சிம்னி அந்த அடுப்பின் விஷவாயுவை வீட்டுக்குள் இழுத்துவிடும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரண்டுக்கும் ஒரே குழாயைப் பொதுவாக வைப்பதும் கூடவே கூடாது.

தாளிக்கப் போகும்போது சிம்னியைப் போடுவதைவிட, அடுப்பை மூட்டும்போதே போட்டுவிட்டு, சமையல் முடிந்த பிறகும் பத்து நிமிஷம் ஓட விடுவது உத்தமம். வடிகட்டியை மாதம் ஒரு தடவை வெந்நீரில் சோப்புப் போட்டு ஊற வைத்துக் கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்திருக்கிறது. சமையலறையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி.

வேலை முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஒரு நாள் காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. மேல்வீட்டுப் பாட்டி, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, என் மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா, அம்மா?" என்று கேட்டாள்.

"நன்றாகத்தானே இருக்கிறேன், பாட்டி. ஏன் கேட்கிறீர்கள்?"

"இரண்டு வாரமாக உங்கள் வீட்டில் சமைக்கிற வாசனையே வரவில்லை. வற்றல் குழம்பு என்று நீ தாளித்தால் எனக்கு இருமல் வரும். ஆனாலும் வாசனை நன்றாக இருக்கும். அதுவும் நின்றுபோயிற்றே, என்னவோ ஏதோ என்று பார்க்க வந்தேன்."

என் மனைவி அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போய், அண்டா இருந்த இடத்தில் ஓடும் குழாயைக் காட்டினாள். பாட்டி தலையை அண்ணாந்து, வெளிச் சுவர் வரையில் கண்ணால் அதைத் தொடர்ந்து பார்த்தாள். அது ஏன் பக்கத்திலிருக்கும் ஜன்னலை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போகிறது என்று அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. திரும்பும்போது பேத்தியின் கையில் ஒரு கிண்ணம் வற்றல் குழம்பு இருந்தது.